இரும்புச் சாவியும் நரம்பின் பூட்டும்

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையிலே வரலாற்றுப் பாடம். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் திடீரெனச் சாய்ந்தான். கை வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. வாயோரம் நுரை வழிந்தது. ஓடிவந்தவர்களில் ஒருவர், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவன் உள்ளங்கையில் திணித்தார். இரண்டு நிமிடம் சென்றது, இழுப்பு நின்றது. "பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் அடங்கிவிட்டது!" என்று வெற்றிப் புன்னகை பூத்தார்.

இரும்பு படாவிட்டாலும் அடங்கியிருக்கும். வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே ஓயும். ஓய்கிற நேரத்திலே கையில் எது இருக்கிறதோ, அதற்குப் புகழ் சேர்கிறது! சாவிக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டியை வைத்திருந்தால், சுண்ணக்கட்டிக்கு மாலை சூட்டியிருப்பார்கள்.

மறுநாள் அந்தச் சிறுவன் வந்தான், கையிலே புதுத் தாயத்துடன். உடன் அவன் தாயும் வந்திருந்தார். "மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் அம்மா" என்றோம். அந்தத் தாய் தயங்கிக் கேட்டார்: "சாமி குத்தம்னு சொல்றாங்களே ஐயா, மாத்திரைக்குக் கட்டுப்படுமா?"

ஏளனம் செய்யத்தக்க கேள்வியன்று இது. எழுத்தறியாத ஏழைத் தாய் மட்டும் கேட்ட கேள்வியும் அன்று. உலகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு, தடுமாறித் தடுமாறி, இறுதியில் விடை கண்ட கேள்வி. அந்த விடையின் வரலாற்றை அறிந்துகொண்டால்தான், அந்தத் தாய்க்கு நாம் தரும் பதில் உபதேசமாக இராது, உண்மையாக இருக்கும். நாம் கலைப் பட்டம் பெற்றவர்கள்தாம். ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் அறிவின் வரலாறு எல்லோருக்கும் பொதுச் சொத்தல்லவா? படித்தோம், படித்ததைப் பகிர்கிறோம்.

பழங்கிரேக்க நாட்டிலும் வலிப்பு நோய்க்குப் 'புனித நோய்' என்றே பெயர். அங்கும் பூசாரிகள் இருந்தனர்; பரிகாரங்கள் இருந்தன. ஏறத்தாழ கி.மு. 400-ஐ ஒட்டி, ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ ஏடு ஒன்று எழுந்தது. இந்நோய் மற்ற நோய்களைவிட எவ்வகையிலும் புனிதமானதன்று. இதன் காரணம் மூளையில் இருக்கிறது என்று அந்த ஏடு துணிந்து கூறிற்று. எப்படி உண்டாகிறது என்று அது தந்த விளக்கம் தவறு. சளி சென்று அடைப்பதாகக் கருதிற்று. விளக்கம் தவறியது, வழி தவறவில்லை. வானத்தை நோக்கியிருந்த விரலைத் தலையை நோக்கித் திருப்பியதே அந்த ஏட்டின் பெருமை.

ஆனால் மூளை எவ்வாறு கையை அசைக்கிறது? நரம்பின் வழியே எது பாய்கிறது? கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், நுண்ணிய உயிர்க்காற்று பாய்கிறது என்றார். பெரியவர் சொல்லிவிட்டார்! பிறகு கேட்பானேன்? ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் அந்தக் காற்றே ஐரோப்பிய ஏடுகளில் வீசிக்கொண்டிருந்தது. 1791-இல் இத்தாலியின் பொலோஞா நகரில் கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துள்ளுவதைக் கண்டு எழுதிய பிறகுதான் காற்று ஓய்ந்து மின்சாரம் பேசத் தொடங்கிற்று.

"மின்சாரமோ என்னவோ, நரம்பின் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது" என்று கருதினார் ஜெர்மானியப் பேராசிரியர் யோஹான்னஸ் முல்லர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆசிரியர் சொல்லிவிட்டாரே என்று அடங்கவில்லை. 1850-இல் தவளையின் நரம்பை வைத்து அளந்தே காட்டினார். விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்! மின்னலின் வேகமன்று, விரைவு இரயிலின் வேகம். அளக்க முடியாத ஆவி என்று எண்ணியது, அளவுகோலுக்குள் வந்துவிட்டது. ஆசிரியரை மதிப்பது வேறு, அவர் சொன்னதை அளந்து பார்க்காமல் விடுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து எழுந்தது ஒரு போர். கத்தியின்றி, நுண்ணோக்கியால் நடந்த போர். இத்தாலிய மருத்துவர் கமிலோ கோல்கி, மருத்துவமனைச் சமையலறையொன்றை ஆராய்ச்சிக்கூடமாக்கிக்கொண்டு, 1873-இல் வெள்ளி உப்பினால் நரம்பணுக்களைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டார். மூளையின் உள்ளமைப்பு முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. "நரம்புகள் அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே வலை" என்று அவர் முடிவு கட்டினார். ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ காஹால், கோல்கியின் அதே சாயத்தைக் கையாண்டு, 1888-இல் வேறு உண்மையைக் கண்டார். வலையன்று, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி. கிளை நீட்டும், அருகே வரும், ஆனால் ஒன்றாகிவிடாது. 1906-ஆம் ஆண்டு நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பரிசுரையிலும் கோல்கி தம் வலைக் கொள்கையை விடவில்லை! கருவியைக் கண்டவர் கோல்கி. அந்தக் கருவி காட்டியதை நம்பியவர் காஹால். உண்மை காஹாலின் பக்கம் நின்றது.

நரம்பணுக்கள் தனித்தனி என்றால், இரண்டிற்கும் இடையே எல்லை ஒன்று இருக்கவேண்டும். இங்கிலாந்து அறிஞர் ஷெரிங்டன் 1897-இல் அந்தச் சந்திப்புக்கு 'சினாப்ஸ்' என்று பெயரிட்டார். நாம் நரம்புச் சந்தி என்போம். 1950-களில் மின்னணு நுண்ணோக்கி, அங்கே மெய்யாகவே ஓர் இடைவெளி இருப்பதைக் காட்டிற்று. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் அகலம். கண்ணுக்குத் தெரியாத ஆறு! அந்த ஆற்றைச் செய்தி எப்படிக் கடக்கிறது? மின்பொறியாகத் தாவுகிறதா? அல்லது தோணி ஏறிச் செல்கிறதா?

தோணி இருக்கலாம் என்பதற்கு ஒரு நஞ்சு குறிப்புக் காட்டியிருந்தது. தென் அமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு முனையில் தடவும் 'குராரே' என்னும் நஞ்சு அது. அடிபட்ட விலங்கு அசைவற்று விழும். மூச்சு நின்று மடியும். பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதை ஆராய்ந்தார். நரம்பு கெடவில்லை, தசையும் கெடவில்லை, தசையை நேரே தூண்டினால் துடிக்கிறது. நரம்பைத் தூண்டினால் மட்டும் தசை அசையவில்லை. அனுப்புகிறவரும் நலம், பெறுகிறவரும் நலம். ஆனால் ஓலை போய்ச் சேரவில்லை! அப்படியானால் நஞ்சு வேலை செய்யும் இடம் இரண்டும் சந்திக்கும் துறையே அல்லவா?

அந்தத் துறையில் நடப்பதை வெளிப்படுத்தியவர் ஓட்டோ லோவி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்; யூத குலத்தில் பிறந்தவர். ஓர் இரவு, உறக்கத்தினிடையே விழித்து, ஒரு சோதனையின் திட்டத்தைத் தாளில் கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கினாராம். காலையில் பார்த்தால் தம் கையெழுத்தே தமக்குப் புரியவில்லை! மறு இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை எழுதிக்கொண்டிருக்கவில்லை; எழுந்து நேரே ஆராய்ச்சிக்கூடம் சென்றார்.

இரண்டு தவளை இதயங்களை உப்புநீரில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தில், துடிப்பை மட்டுப்படுத்தும் நரம்பு சேர்ந்திருந்தது. இரண்டாவதில் நரம்பு இல்லை. முதல் இதயத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார், துடிப்புத் தளர்ந்தது. அந்த இதயத்தில் நின்ற நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் தளர்ந்தது! துடிப்பை விரைவாக்கும் நரம்பைத் தூண்டி எடுத்த நீரோ விரைவாக்கிற்று. மின்பொறி நீரில் ஏறி வருமா? வராது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்கிறது. அந்தப் பொருளே தூதன். 1921-இல் இது வெளியாயிற்று. அசெட்டில்கோலின் என்பது அந்தத் தூதனின் பெயர் என்று பின்னர் உறுதிப்பட்டது. 1914-ஆம் ஆண்டிலேயே அப்பொருளின் ஆற்றலை ஆராய்ந்திருந்த ஆங்கிலேயர் ஹென்றி டேலும் லோவியும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

"கனவிலே கிடைத்த வரம்!" என்று இங்கே சிலர் கைதட்டக்கூடும். தோழர்களே, கனவு எல்லோருக்கும் வருகிறது. புதையல் கனவு கண்டு நரபலி கொடுக்கப் போனவரும் உண்டு. லோவிக்கு வந்தது ஒரு கேள்வியின் உருவம். விடை தந்தது தவளையின் இதயம். கனவோடு நின்றிருந்தால் நாம் அவர் பெயரையே அறிந்திருக்கமாட்டோம். எழுந்து சென்று சோதித்தாரே, அங்கேதான் அறிவு பிறந்தது.

அந்த அறிஞருக்கு உலகம் தந்த மரியாதை என்ன? 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கியது. லோவியும் அவர் மக்கள் இருவரும் சிறையில் தள்ளப்பட்டனர். குற்றம்? பிறப்பு! உயிர் தங்குமோ தங்காதோ என்ற நிலையிலும், தம் கடைசி ஆராய்ச்சியின் முடிவு அழிந்துவிடக்கூடாதே என்று அஞ்சலட்டை ஒன்றில் எழுதி அனுப்பினார் அவர். நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வங்கிக்கு மாற்றித் தந்த பிறகே நாட்டைவிட்டு வெளியேற விட்டார்கள். 1933-இல் பெர்லினில் அதே காரணத்தால் வேலை பறிக்கப்பட்ட இளைஞர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், லண்டனில் டேலின் கூடத்தில் அடைக்கலம் புகுந்தார். அட்டைப்பூச்சியின் தசையைக் கொண்டு மிகச் சிறு அளவு அசெட்டில்கோலினையும் கண்டறியும் முறை அவரோடு அங்கே சென்றது. நரம்பு தசைக்கு விடும் தூதும் அதே பொருள்தான் என்பது அந்தக் கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. நரம்பணுவுக்குச் சாதி தெரியாது, ஆரியம் தெரியாது. எல்லா உடலிலும் ஒரே தூதன்! இந்த உண்மையைக் கண்டவர்களையே பிறப்பின் பெயரால் விரட்டினார்கள் என்பது வரலாற்றின் வெட்கம்.

மூளைக்குள்ளேயும் இரசாயனத் தூதுதானா? இல்லை, அங்கே மின்பொறியே என்று முழங்கினார் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் எக்கில்ஸ். ஆண்டுக்கணக்கில் வாதாடினார். பிறகு 1951-இல், நியூசிலாந்தில், பூனையின் முதுகுத்தண்டு நரம்பணுவுக்குள் நுண்குழாயைச் செலுத்தி அளந்தார். அளவு, அவர் கொள்கைக்கு எதிராக வந்தது. என்ன செய்தார்? அளவை மறைத்தாரா? "நான் தவறினேன்" என்று ஒப்புக்கொண்டு மறுகட்சியில் சேர்ந்தார். தம் கொள்கையைத் தாமே வீழ்த்திய அந்த மனிதருக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. மின்வழியாகவே பேசும் சந்திகளும் சில உண்டென்று 1959-இல் நண்டினத்தைச் சேர்ந்த உயிரி ஒன்றில் காட்டப்பட்டது. ஆகவே பழைய கட்சியும் முழுப் பொய்யன்று. அறிவியலில் தோல்வி அவமானமன்று, மறைப்பதே அவமானம்.

இன்று நாம் அறிவது இது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அணுவின் உள்ளும் புறமும் மின்னேற்ற வேறுபாடு. வாயில் திறந்து சோடியம் உள்ளே பாய, மின்னலை முனைவரை ஓடுகிறது. முனையில் கால்சியம் நுழைகிறது. அங்கே நிறைந்துள்ள நுண்பைகள் உடைந்து தூதுப்பொருளைக் கொட்டுகின்றன. தூதன் இடைவெளியைக் கடந்து, அக்கரையிலுள்ள ஏற்பியில் அமர்கிறான், பூட்டில் சாவி அமர்வதுபோல. சில சாவிகள் 'செல்' என்று ஆணையிடும். சில 'நில்' என்று தடுக்கும். வேலை முடிந்ததும் தூதன் சிதைக்கப்படுகிறான் அல்லது திரும்ப இழுத்துக்கொள்ளப்படுகிறான். இத்துணையும் நடந்தேற ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கே!

இதை அறிந்தால் மருந்தும் நஞ்சும் செய்யும் வேலை விளங்கும். குராரே, பூட்டுக்குள் புகுந்து திரும்பாமல் அடைத்துக்கொள்ளும் போலிச்சாவி. புகையிலையின் நிக்கோட்டின், அசெட்டில்கோலினின் பூட்டைத் தானே திறக்கும் கள்ளச்சாவி. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் ஒரு வகை, வேலை முடிந்த அசெட்டில்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது. செய்தி ஓயாமல் ஒலிக்க, மூச்சுத் திணறி மனிதன் மடிகிறான். அபினியின் பூட்டு மூளையில் இருப்பது 1973-இல் கண்டறியப்பட்டது. காட்டுச் செடிக்கு மூளையில் ஏன் பூட்டு? 1975-இல் விடை கிடைத்தது: உடல் தானே செய்துகொள்ளும் வலியடக்கிக்கு உரிய பூட்டு அது. மது, 'நில்' என்னும் ஆணையை மிகைப்படுத்துகிறது. குடிகாரனின் நாவும் நடையும் தடுமாறுவது அதனால்தான். வலிப்பு என்பதோ, நரம்பணுக்கள் பல அடக்குவாரின்றி ஒரே நேரத்தில் கூக்குரலிடும் நிலை. 1912 முதல் வலிப்புக்கு வழங்கப்பட்டுவரும் பினோபார்பிட்டால், 'காபா' என்னும் 'நில்' தூதனுக்கு வலுவூட்டுகிறது. அந்தச் சிறுவனுக்குத் தேவையான சாவி இதுபோன்றதே. இடுப்பில் தொங்கும் இரும்பன்று!

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை இந்நாட்டு வைத்தியர்கள் பித்தம் தலைக்கேறியவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அந்த வேர், வெறியை அடக்குவதையும் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் ஏட்டில் பதிந்தனர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரின் சத்தான ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1955-இல் அமெரிக்காவில் பிராடியின் குழுவினர், அது மூளையிலுள்ள செரடோனின் என்னும் தூதுப்பொருளை வற்றச் செய்வதைக் கண்டனர்.

பிராடியின் கூடத்தில் பயின்று திரும்பிய சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன், 1957-இல் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். அவை காது தொங்கி, கல்லாய்ச் சமைந்தன. பிறகு 'டோபா' என்னும் பொருளைச் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடந்தன! டோபாவிலிருந்து மூளை செய்துகொள்ளும் டோப்பமின், அசைவுக்கு இன்றியமையாத தூதன் என்பது இதன்வழி வெளிப்பட்டது. 1960-இல் லண்டன் மாநாட்டில் இதை அவர் சொன்னபோது மூத்தவர்கள் ஏற்கவில்லை; ஏற்காதவர்களில் ஒருவர், ஒரு காலத்தில் இரசாயனத் தூதுக்காகப் போராடிய அதே ஹென்றி டேல்! புரட்சிக்காரரும் முதுமையில் புதுமைக்கு அஞ்சலாம். ஆயினும் அதே ஆண்டில் வியன்னாவில் ஹோர்னிக்கீவிச், நடுக்குவாத நோயால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1961-இல் நோயாளிகளுக்கு டோபா கொடுக்கப்பட்டது. முடங்கிக் கிடந்தோர் அசைந்தனர். கார்ல்சனுக்கு நோபல் பரிசு வந்தது 2000-ஆம் ஆண்டில்.

"அன்றே எங்கள் முன்னோர்க்கு எல்லாம் தெரியும்" என்று மார்தட்டுவோர் இங்கே சற்று நிற்கவேண்டும். வேர் தெரிந்திருந்தது; உண்மை. அந்த வேர் எந்தக் கதவைத் தட்டுகிறது என்பது தெரியவில்லை, அதுவும் உண்மை. அனுபவம் வேரைத் தந்தது. கேள்வி விளக்கத்தைத் தந்தது. கேட்பதற்கு அஞ்சிய சமூகம், வேரோடு நின்றுவிட்டது.

1952-இல் பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள், குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தைக் கடும் மனநோயாளருக்குக் கொடுத்தனர். கூச்சலும் கொந்தளிப்பும் தணிந்தன. டோப்பமினின் பூட்டை அது அடைப்பதே காரணம் என்பது பின்னாளில் விளங்கிற்று. அதனாலேயே கைநடுக்கம் முதலிய தொல்லைகளும் அதனால் விளைந்தன. ஆகவே மருந்தையும் மந்திரமாக்கிவிடவேண்டாம். மூளை, ஒரு சாவிக்கு ஒரு பூட்டு என்னும் அளவுக்கு எளிய வீடன்று. அளவு வேண்டும், மருத்துவர் வேண்டும், அன்பும் வேண்டும். ஆனால் ஒன்று உறுதியாயிற்று: பித்து என்பது பேயன்று, நோய்.

அந்த உறுதி பிறந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு என்ன நடந்தது? 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. பேய் நீங்கும், பித்துத் தெளியும் என்ற நம்பிக்கையில் தொலைவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள், ஒரு கீற்றுக்கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். விடியற்காலையில் தீப்பற்றியது. ஓடக் கால் இருந்தது. ஓடவிடச் சங்கிலி இல்லை. 28 உயிர்கள் கருகின. பாரிஸ் மருத்துவமனையொன்றில் பியூசேன் என்னும் காப்பாளர், மனநோயாளரின் சங்கிலியைக் கழற்றியது 1797-இல்! 204 ஆண்டுகள் கழித்து நம் மண்ணில் சங்கிலி சுட்டது. எந்த மதத்தின் பெயரால் என்பதன்று கேள்வி; கோயிலானாலும் தர்காவானாலும் தேவாலயமானாலும் நோயாளிக்குச் சங்கிலி சங்கிலியே. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. சட்டம் கழற்றிவிட்டது; மனம் கழற்றியதா?

அங்கேதான் இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. வலிப்பு வந்தால் சாவி தேடி ஓடவேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பித்துப் பிடித்தவர் என்று தெருவே சிரிக்கும் மனிதரைக் கண்டால், அவர் வீட்டாரிடம் போய்ப் பேசுங்கள். பழிக்காமல், பணிவோடு பேசுங்கள். தாயத்துக் கட்டும் கை, அன்பினால் கட்டுகிறது. வழி தெரியாமல் கட்டுகிறது.

அந்தத் தாய்க்கு நாமும் அப்படித்தான் சொன்னோம். "அம்மா, இது சாமி குற்றமில்லை, உங்கள் குற்றமும் இல்லை. தலைக்குள்ளே ஒன்றோடொன்று பேசும் நரம்புகள் சில நேரம் ஒரேயடியாகக் கத்திவிடுகின்றன. அவற்றை அமைதிப்படுத்தும் மாத்திரை இருக்கிறது." அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என் குத்தமும் இல்லையா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அத்தனை நாள் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது எது என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

இன்று அந்தச் சிறுவன் மாத்திரை உட்கொள்கிறான், வகுப்புக்கு வருகிறான். தாயத்தும் கையில் இருக்கிறது. இருக்கட்டும். மாத்திரை வேலை செய்யச் செய்ய, தாயத்து தானே அவிழும்.